இது வருமானமா? ஆம். இல்லை.

திரையில் நான்கு லட்சத்து அறுபத்தெட்டாயிரத்து ஐம்பத்திரண்டு என்று காட்டுகிறது. பச்சை எழுத்து. பக்கத்திலேயே சின்னதாக ஒரு செடி துளிர்விடுகிற படம், இந்த ஆப்பைச் செய்தவர்கள் வீட்டில் பணம் வந்தால் செடி துளிர்க்கும் போலிருக்கிறது. இது நிஜத் தொகை இல்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் கை மேலே போக மாட்டேன் என்கிறது, இன்னும் ஒரு நிமிஷம் நான்கு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் சம்பாதித்தவனாக இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறேனே, யார் வந்து கேட்கப் போகிறார்கள். கேட்க வேண்டியவள் எட்டரைக்கே டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தில்லைநகருக்குப் போய்விட்டாள். என் மனைவி பூங்கோதை அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கவுன்ட்டரில் இருக்கிறாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “மூணு லட்சம். ஒரு ரூபா குறைஞ்சாலும் ஓசூர்தான், ஞாபகம் இருக்குல்ல” என்றாள். “இருக்கு” என்றேன். “என்னது?” என்றாள். “இருக்கு, இருக்கு” என்றேன். இரண்டாவது தடவையும் அவளுக்குக் கேட்டிருக்காது, நான் பேசுவது அப்படி, ஆனால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ள, கல்யாணமான ஆறு மாசத்தில் பழகிவிட்டாள். போன வருஷம் மார்ச் கடைசியில் நான் பைக் ஷோரூம் வேலையை விட்ட அன்றைக்கு, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஓட்டலில் ரவா தோசையைப் பிய்த்துக்கொண்டே அவள் போட்ட ஒப்பந்தம் இது. “ஒரு வருஷம் வாடகை, கேஸ், கரண்ட் எல்லாம் நான் பாத்துக்கறேன். உங்க குரல்ல வர்ற காசு, செலவு போக மூணு லட்சம் நின்னுச்சுன்னா இதையே பண்ணுங்க, நான் வாயத் திறக்க மாட்டேன். நிக்கலேன்னா எங்கண்ணன் கம்பெனி. வாய்க்கணக்கு வேணாம். இன்கம்டாக்ஸுக்கு என்ன எழுதிக் குடுக்கறீங்களோ அதான் கணக்கு” என்றாள். ஏன் அப்படி என்று கேட்டேன். “பொண்டாட்டிகிட்டக் கூட்டிச் சொல்லலாம். கவர்மென்ட்டுகிட்டக் கூட்டிச் சொல்ற ஆம்பளைய நான் இன்னும் பாக்கல” என்றாள். அவள் அண்ணன் கலியபெருமாள் மச்சான் ஓசூரில் அட்டைப்பெட்டி கம்பெனி வைத்திருக்கிறார், பெட்டிகளை எண்ணி லாரியில் ஏற்ற ஒரு சூப்பர்வைசர் வேண்டுமாம், நேற்று போன் பண்ணி, “மாப்ள, நாளைக்கு மதியம் பன்னெண்டுக்குள்ள ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்க, அதுக்கு மேல நான் வேற ஆளப் போட்டுருவேன்” என்றார். நல்ல மனுஷன்தான். பெட்டியும் நல்ல பெட்டிதான். மணி ஒன்பதே கால்.

சரி, தொடங்கலாம். இந்த ஆப் ஒன்றும் கொடுமைக்காரன் இல்லை, பாங்க் ஸ்டேட்மென்டை உள்ளே தள்ளினால் ஒரு வருஷத்து வரவு செலவைத் தானே பிரித்து வைத்துக்கொள்கிறது, சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் ஒரு மஞ்சள் கட்டம் காட்டி ‘இது வருமானமா?’ என்று கேட்கிறது, கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். கடைசியில் ஒரு தாள் வரும், அதை ஆடிட்டருக்கு அனுப்பினால் ரிட்டர்னை அவர் பார்த்துக்கொள்வார். செலவையெல்லாம் நேற்றே முடித்துவிட்டேன், மைக், ஸ்டாண்டு, சுவரில் ஒட்டுகிற பஞ்சு, நெட், தொண்டைக்கு வாங்கிய அதிமதுரம் தொண்ணூறு ரூபாய் வரைக்கும், எல்லாம் சேர்த்து நாற்பத்தெட்டாயிரத்து முந்நூறு, அதைக் கழித்துத்தான் மேலே இந்தத் தொகை. இனி வரவு மட்டும். ஆயிரத்துச் சொச்சம் வரவு. முந்நூறு, முந்நூறு, ஐந்நூறு, முந்நூறு, நூற்றைம்பது. பாவம், ஆப் இதில் பாதியைக் கொண்டுபோய் மளிகை என்ற தலைப்பில் வைத்திருக்கிறது. வெங்காயக்காரரும் மீன்காரரும் எனக்கு எதற்குப் பணம் அனுப்புவார்கள், நான்தானே அவர்களுக்கு அனுப்ப வேண்டும், ஏதோ அழுகின தக்காளிக்குக் காசைத் திருப்பித் தருகிறார்கள் என்று அதுவாக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால் நியாயமான முடிவுதான். ஒவ்வொன்றாகத் தொட்டு ‘தொழில்’ என்று மாற்றிக்கொண்டே வருகிறேன், ஒவ்வொன்றும் விரல் பட்டதும் வாயைத் திறக்கிறது. வேலுச்சாமி, ஏப்ரல் மூன்று, முந்நூறு. வெங்காய வண்டிக்காரர், வேலையை விடுவதற்கு முன்னாலேயே பதிந்து கொடுத்தது, இதுதான் முதல் காசு. டீக்கடையில் புது பேட்டரி ஸ்பீக்கரை மடியில் வைத்துக்கொண்டு, “பத்து மணிக்கெல்லாம் தொண்ட கட்டிருது, யாராவது கத்திப் பதிஞ்சு குடுங்கப்பா” என்று அவர் கேட்டபோது டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நான் மட்டும் சிரிக்கவில்லை, எனக்குத் தெரியும், எனக்குள் எங்கேயோ ஒரு கத்தல் இருக்கிறது, இருபத்தேழு வருஷமாகச் செலவழிக்காத கத்தல். வீட்டுக்கு வந்து துணி பீரோவைத் திறந்து, அவள் சேலைகளுக்கு நடுவில் தலையை விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன், வெளியே ஒரு பொட்டுச் சத்தம் போகக் கூடாது என்று. வெங்காயம், வெங்காயம், வெங்காயமேய், நாலு கிலோ நூறு ரூபா. என்ன சுகம். சேலைகளெல்லாம் காது கொடுத்துக் கேட்டன. அப்போது பார்த்து பூங்கோதை வந்து பீரோவைத் திறந்தாள். சேலைகளை விலக்கி எட்டிப் பார்த்தாள். பிறகு, “ஏங்க, உள்ள இருக்கறது யாரு? எங்க வீட்டுக்காரர என்ன பண்ணீங்க?” என்றாள்.

இதோ, தெருவில் போகிறது. பழைய இரும்பு, பழைய பித்தளை, பழைய பிளாஸ்டிக், ஓடாத பேன், ஒடஞ்ச சேர், எல்லாம் எடுப்போம்மா, எடை போட்டு எடுப்போம். நான்தான் அது, ஆகஸ்டில் பதிந்தது, ‘எடுப்போம்மா’வில் கொஞ்சம் சளி இருக்கிறது. என் ஜன்னலுக்கு வெளியே நான் இரும்பு கேட்டுக்கொண்டு போகிறேன், உள்ளே நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ஊரில் ஒரு குரல் இருந்ததாம், அதற்கு ஒரு ஆள் இருந்தானாம், குரல் காலையில் எழுந்து உறையூர், பாலக்கரை, கருமண்டபம் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டுச் சாயங்காலம் வருமாம், ஆள் வீட்டிலேயே இருந்து அதற்குச் சோறாக்கிப் போடுவானாம். இப்படித்தான் என் தலையில் எதுவும் ‘தாம்’ போட்டே ஓடுகிறது, எனக்கே என்னைப் பற்றி யாரோ சொன்ன மாதிரி. முதலில் இந்த மஞ்சள் கட்டங்களை முடி. ஜெயசீலன், பன்னிரண்டாயிரம். யார் இந்த ஜெயசீலன், நான்தான். இது வருமானமா என்று கேட்கிறது. கையில் பன்னிரண்டாயிரம் சேரும்போதெல்லாம் செலவாகிவிடும் என்று பயந்து இன்னொரு பாங்கில் போட்டு வைப்பேன், பிறகு மைக் வாங்க, பஞ்சு வாங்க என்று அங்கிருந்து எடுப்பேன், ஏழு தடவை நானே எனக்கு அனுப்பியிருக்கிறேன், ஆப்புக்கு ஜெயசீலன் என்று ஒரு தாராளமான வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார். இல்லை. இல்லை. இல்லை. ஏழு இல்லை. மேலே மூன்று லட்சத்து எண்பத்து நாலாயிரத்து ஐம்பத்திரண்டு. செடி அப்படியே இருக்கிறது. பரவாயில்லை, இது எதிர்பார்த்ததுதான், என் சட்டைப்பையில் இருந்து என் பேண்ட் பைக்குப் போனதை யார் சம்பாத்தியம் என்பார்கள். அடுத்த கட்டம் பூங்கோதை, ஆறாயிரம். மாசம் ஒன்றாகப் பன்னிரண்டு. வீட்டுச் செலவுக்கு அவள் எனக்கு அனுப்பியது. ஒவ்வொன்றிலும் குறிப்பு எழுதுகிற இடத்தில் ஒரு வார்த்தை எழுதியிருக்கிறாள், அனுப்பின நாளில் நான் அதைப் பார்த்ததே இல்லை, காசு வந்ததா என்று மட்டும் பார்த்திருக்கிறேன், ஆப் இப்போது அதையெல்லாம் வரிசையாக எடுத்து விரித்து வைக்கிறது. ஏப்ரல், காய். மே, காய் மற்றும் மோர். ஜூன், குடை வாங்கவும். ஜூலை, சும்மா. ஆகஸ்ட், மாத்திரை போட்டீங்களா. செப்டம்பர், உம். அந்த ‘உம்’ எதற்கு என்று தெரியும், அந்த மாசம் முழுக்க ஒன்பது பேர்தான் வந்தார்கள், மழை, தள்ளுவண்டியே வெளியே வரவில்லை, நான் மூன்று நாள் அவளிடம் பேசவில்லை, பேசியிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. டிசம்பர், இன்னும் மூணு மாசம் இருக்கு. பிப்ரவரி, நல்லா இருக்கு அந்த மீன். வஞ்சிரம் விளம்பரத்தைச் சொல்கிறாள், லேபுக்கு வெளியே போயிருக்கிறது, கேட்டிருக்கிறாள், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆறாயிரத்தோடு சேர்த்து எழுதி அனுப்பிவிட்டுப் பேசாமல் வந்து சோறு சாப்பிட்டிருக்கிறாள். இது வருமானமா? இல்லை என்று அமுக்க எனக்கு மனசே வரவில்லை. வேறு என்ன பெயர் இதற்கு. ஆனால் இரண்டே பொத்தான்தான், இல்லை, இல்லை, பன்னிரண்டு இல்லை. மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து ஐம்பத்திரண்டு.

பன்னிரண்டாயிரம் மேலே நிற்கிறது.  இன்னும் மஞ்சள் மிச்சம் இருக்கிறது. அக்டோபரில் பதினோரு நாள், பத்து பத்தாக, இருபது நாற்பதாக, அறுபதாக, ஒரு பக்கம் முழுக்கப் பொடிப் பொடியாக வரவு. ஓ, கொய்யா. கொய்யாவை மறந்தே போனேன். காதர் மைதீன் பாய் காந்தி மார்க்கெட் பக்கம் கொய்யா விற்கிறவர், சீனிக் கொய்யா, செவத்தக் கொய்யா, கடிச்சாத் தேனுக் கொய்யா என்று பதிந்து கொடுத்தேன், சந்தோஷமாகிவிட்டார், “தம்பி, அந்த ஸ்கேன் பண்ற அட்டையையும் நீங்களே அடிச்சுக் குடுத்துருங்க” என்றார். கொடுத்தேன். அளவு சரியாக வருகிறதா என்று பார்க்க என்னுடைய க்யூ.ஆர். கோடை வைத்துத்தான் வரைந்தேன், பிறகு அவருடையதை மாற்ற வேண்டும், மாற்றாமலே லேமினேஷனுக்குக் கொடுத்துவிட்டேன். பதினோரு நாள் ஊர் கொய்யா தின்ற காசு என் போனில் விழுந்தது. இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது, அதை பூங்கோதையிடம்கூடச் சொன்னதில்லை. முதல் மூன்று நாள் நான் அதை என் குரலுக்கு ஜனங்கள் மனமுவந்து தருகிற அன்பளிப்பு என்று நினைத்தேன். யாரோ ஒரு அம்மா நாற்பது ரூபாய், யாரோ ஒரு தாத்தா இருபது. கண்ணாடியில் என் தொண்டையைப் பார்த்தேன். பொங்கலுக்கு எல்லோருக்கும் நன்றி சொல்லி ஒரு குரல் பதிவு போட வேண்டும் என்றுகூட யோசித்தேன். நாலாவது நாள், ஒருவர் இருபத்தைந்து ரூபாய் அனுப்பி, குறிப்பில் ‘அரைக் கிலோ, ஒண்ணு சொத்தை’ என்று எழுதியிருந்தார். அப்போதும் புரியாமல் இன்னும் ஒரு வாரம் யோசித்தேன். புரிந்ததும் பாய்க்குக் கணக்குப் போட்டுப் பதினோராயிரத்து அறுநூற்று நாற்பதையும் திருப்பி அனுப்பிவிட்டு, புது அட்டையோடு ஓடினேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் பழைய அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “நான் கூட ஊர்க்காரங்கள்லாம் பச்ச டிக்கக் காட்டி ஏமாத்தறாங்கன்னு பதினோரு நாளா மனசுக்குள்ள திட்டிட்டு இருந்தேன் தம்பி. அத்தன பேருகிட்டயும் இப்ப மன்னிப்புக் கேக்கணும்ல, யாருன்னு போயித் தேட” என்றார். பையில் இரண்டு கிலோ போட்டார். செவத்தக் கொய்யா. நிஜமாகவே தேன்தான், விளம்பரத்தில் நான் பொய் சொல்லவில்லை. இல்லை, இல்லை, மொத்தமாகத் தேர்ந்தெடுத்து இல்லை.

மூன்று லட்சத்து நானூற்றுப் பன்னிரண்டு. மேலேதான். நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் மேலே. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டேன், அடுக்களை வரைக்கும் போய்த் தண்ணீர் குடிக்காமல் திரும்பி வந்தேன், பூங்கோதைக்குப் போன் போடலாம், மணி பத்து ஐம்பதுதான், மச்சானுக்கும் போடலாம், எடுத்த கையோடு திரையைப் பார்த்தால் கீழே ஒரே ஒரு மஞ்சள் கட்டம், நகர்த்தாமல் விட்டதால் மறைந்திருந்தது. ராஜாமணி, நவம்பர் பத்தொன்பது, ஐந்நூறு ரூபாய். குறிப்பில் ஒன்றும் இல்லை. இது வருமானமா? நான் எப்போதும் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன், யாருக்கு என்ன பதிந்தேன் என்று, நவம்பர் பக்கத்தைப் புரட்டினால் ராஜாமணி இல்லை, முன்னால் இல்லை, பின்னால் இல்லை. ஐந்நூறு என்றால் பாட்டு வைத்துப் பதிந்ததாக இருக்க வேண்டும், பாட்டு வைத்ததை எப்படி மறப்பேன். ‘இல்லை’யை அமுக்கினால் என்ன ஆகும் என்று அமுக்கிப் பார்த்தேன். இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. எண்பத்தெட்டு ரூபாய் குறைவு. திரும்பப் பழையபடி மஞ்சளாக்கினேன். எண்பத்தெட்டு ரூபாய்க்கு ஓசூரா. எண்பத்தெட்டு ரூபாய் என்பது இரண்டு காபி, ஒரு தேங்காய். அல்லது அதிமதுரம். அதிமதுரம் தொண்ணூறு. செலவில் இருந்து அதை ஒரு தட்டுத் தட்டினால் மூன்று லட்சத்து இரண்டு ரூபாய், செடி துளிர்க்கும், கவர்மென்ட்டுக்கும் நஷ்டமில்லை, வரி எப்படியும் வரப் போவதில்லை, ஒரு மருந்துச் சாமானை மறந்துவிட்டான் என்று எந்த ஆபீசரும் என்னைத் தேடி உறையூருக்கு வர மாட்டார். விரலைக் கொண்டுபோனேன். தட்டினேன். மூன்று லட்சத்து இரண்டு. பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அந்த அதிமதுரத்தை ஜனவரிப் பனியில் இடித்துச் சலித்து வெந்நீரில் போட்டுக் கொடுத்தது அவள், நாலு நாள், ‘குடிங்க, மூஞ்சியச் சுளிக்காதீங்க’ என்று நின்று பார்த்துக் குடிக்க வைத்தாள், அதை நடக்கவே இல்லை என்று எழுதிவிட்டு அவளிடமே கொண்டுபோய் ஜெயித்தேன் என்று நீட்ட முடியுமா. திரும்பப் போட்டேன். சரி, ராஜாமணியை மட்டும் ஆம் என்று அமுக்கிவிடலாமே, காசு வந்தது நிஜம், பொய் இல்லையே. அதுவும் முடியாது, அதற்கும் பூங்கோதை ஒரு சட்டம் வைத்திருக்கிறாள், அவள் கவுன்ட்டர் சட்டம், “பேர் ஒட்டாத டியூப்ப நாங்க டெஸ்ட் பண்ண மாட்டோம், நல்ல ரத்தமா இருந்தாலும் கீழதான். அதே மாதிரி எதுக்குன்னு தெரியாத காசு உங்க குரல்ல வந்ததுன்னு எழுதக் கூடாது.” அப்போது ரவா தோசையில் இருந்த முந்திரியை எடுத்து எனக்கு வைத்தாள், நான் சரி என்று தலையாட்டினேன், முந்திரிக்குத் தலையாட்டினேனா சட்டத்துக்குத் தலையாட்டினேனா என்று இப்போது யார் சொல்வது.

மணி பதினொன்று இருபது. ராஜாமணி. மீசை வைத்த ஒரு ராஜாமணி, பட்டாணிக்கடை ராஜாமணி, இல்லை, ரியல் எஸ்டேட். கொய்யா மாதிரி இதுவும் யாருக்கோ போக வேண்டிய காசாக இருந்தால்? ஏழு மாசமாக ஒருவர் என்னைத் தேடிக்கொண்டிருந்தால்? காசு வந்த முகவரியில் பத்து எண் இருக்கிறது, அது அவர் போன் நம்பர்தான், கூப்பிட்டுக் கேட்டுவிடலாம், ஒரு நிமிஷ வேலை. கூப்பிடத்தான் முடியாது. ஆயிரம் தெருவில் கத்துகிறவன் ஒரு ஆளுக்குப் போன் போட மாட்டான், இதை யாரிடம் சொல்வது. ஆறாம் வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது ‘உள்ளேன் ஐயா’ என்று தினமும் சொன்னேன், வருஷக் கடைசியில் பார்த்தால் நாற்பத்தொரு நாள் வரவில்லை என்று இருந்தது, முன் பெஞ்சில் உட்கார்ந்தே நாற்பத்தொரு நாள் லீவு போட்டிருக்கிறேன். ஷோரூம் மானேஜர், “நீ பேசறது வண்டிக்கே கேக்காது, வாங்கறவனுக்கு எப்படிப்பா கேக்கும்” என்றார். பீரோவுக்குள் போய் நின்று பேசலாமா, சேலைகளுக்கு நடுவில் குரல் வரும். ஆனால் ஹலோ, ராஜாமணியா, ராஜாமணியேய் என்றா கேட்பது. பதினொன்று முப்பது. பதினொன்று முப்பத்தொன்று. ஓசூரில் பெட்டிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன, நான் எண்ணிச் சொல்கிறேன், லாரி டிரைவர் ‘என்ன, என்ன’ என்கிறார், நான் விரலைக் காட்டுகிறேன், பெட்டிகளுக்கு வாய் இல்லை. வேண்டாம். நம்பரை அமுக்கிவிட்டேன். நான் அமுக்கினேனா விரல் அமுக்கியதா, மணி அடிக்கிறது, எடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாது, எடுத்தாகிவிட்டது.

“ம்?” என்றது ஒரு பெண் குரல், தூக்கத்தில் இருந்து. மீசை போய்விட்டது. “ராஜாமணி சார் இருக்காங்களா” என்றேன். “நான்தான் ராஜாமணி. நைட் டூட்டி முடிச்சு இப்பதான் கண்ணசந்தேன், யாரு நீங்க?” ஆஸ்பத்திரி நர்ஸாம். போன் போட்டதே தப்பு, வைத்துவிடலாம். “மன்னிச்சுக்கங்க, நான் அப்புறமா” என்பதற்குள் அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சென்றது, எழுந்து உட்கார்கிறார்கள். “இருங்க இருங்க. நீங்க உப்புக்காரர்தான?” என்றார்கள்.  என் குரலை இதுவரை யாரும் அடையாளம் கண்டதில்லை, ஊரே கேட்கிற குரல் என் வாயில் இருந்து வருவதில்லை, என் வாயில் இருந்து வருவதை ஊர் கேட்டதில்லை. “உப்பு இருக்கு, கல்லுப்பு, தூளுப்பு, வேணும்னா வாங்கன்னு, இப்படித்தான மெதுவாச் சொல்லுவீங்க. வாரத்துல மூணு நாள் கேக்கறேன், எனக்குத் தெரியாதா” என்றார்கள். அப்போதுதான் வந்தது. சகாயம். உப்பு வண்டி சகாயம் அண்ணன் நவம்பரில் ஒரு நாள் வந்து, கருமண்டபத்தில் ஒரு தெருவில் ஒரு அம்மா ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறார்கள், உன் கத்தலில் தூக்கி வாரிப் போடுகிறதாம், அந்த ஒரு தெருவுக்கு மட்டும் மெதுவாக ஒன்று வேண்டும் என்றார். நான் பீரோவுக்குள்கூடப் போகவில்லை, அடுக்களையில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே, யாரிடமோ பேசுவது போல, என் குரலில், இரண்டு வரி. வேலை என்றே அது எனக்குத் தோன்றவில்லை. நோட்டிலும் எழுதவில்லை. சகாயம் அண்ணன் அதைத் தூக்கிப் போட்டிருப்பார் என்றே நினைத்தேன், உப்பை யார் இப்படி விற்பார்கள். “நான் உப்புக்காரர் இல்லீங்க, பேசிப் பதிஞ்சது நான்” என்றேன். “அப்ப உங்க நம்பருக்குத்தான் ஐந்நூறு போட்டேன், கேட்டது நான்தான, கூலியும் நானே தரேன்னு அந்த அண்ணன்கிட்ட வாங்கின நம்பர்” என்றார்கள். “அதக் கேக்கத்தான் கூப்பிட்டேன். அது எதுக்குன்னு எனக்கு எழுதணும். என் ரேட் முந்நூறுதான். மிச்ச இருநூறு இனாமா?” என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு. “ஏங்க, நீங்க என்ன இன்கம்டாக்ஸ் ஆபீசா? அந்த அண்ணன் முந்நூறுன்னுதான் சொன்னாரு. ஒரு நாள் கேட்டுப் பாத்துட்டு நான்தான் ஐந்நூறாப் போட்டேன். சத்தம் போட எல்லாரும் வாங்கறாங்க, சத்தம் போடாம உப்பு வந்துருக்குன்னு சொல்றது கஷ்டமான வேலைதான. முழுசும் கூலின்னே எழுதுங்க. நான் தூங்கலாமா?” “தூங்குங்க” என்றேன். “நல்லா இருக்கு உங்க குரல்” என்று சொல்லிக்கொண்டே கட்டில் மறுபடி கிறீச்சென்றது.

இது வருமானமா? ஆம். கட்டம் மஞ்சளில் இருந்து பச்சையாகிறது. கேள்வி கேட்க இனி எதுவும் இல்லை, தாள் தயார் என்கிறது, கீழே நிகர வருமானம் மூன்று லட்சத்து நானூற்றுப் பன்னிரண்டு, அதைப் போனில் ஒரு படம் எடுத்தேன். ஊருக்கெல்லாம் கத்திய காசில் மூன்று லட்சத்துக்கு எண்பத்தெட்டு குறைந்ததாம், மெல்லப் பேசிய காசு வந்து அதைத் தூக்கி விட்டதாம். பதினொன்று ஐம்பது. பூங்கோதைக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள், போனைக் கையிலேயே வைத்திருந்தாள் போல. பின்னால் ஒரே கூட்டம், யாரோ ரசீது கேட்கிறார்கள், ஒரு குழந்தை ஊசிக்கு அழுகிறது. “சொல்லுங்க” என்றாள். “மூணு லட்சத்து நானூத்திப் பன்னெண்டு” என்றேன். “என்ன?” என்றாள். “மூணு லட்சத்து” என்றேன். “ஒண்ணும் கேக்கலங்க, இங்க சுகர் டெஸ்ட் கூட்டம். போச்சா?” என்றாள். அந்த ‘போச்சா’வில் ஒரு நடுக்கம் இருந்தது. அவளுக்கும் ஓசூர் வேண்டாம். ஒரு வருஷமாக ஒரு வார்த்தை சொல்லாமல், காய், மோர், குடை என்று எழுதிக்கொண்டு அவளும் இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பீரோ அந்த அறையில் இருந்தது, நான் இந்த அறையில் இருந்தேன், ஜன்னல் திறந்திருந்தது, எங்கே போக நேரம். மூணு லட்சம், மூணு லட்சம், மூணு லட்சமேய், மூணு லட்சத்து நானூத்திப் பன்னெண்டேய், செலவெல்லாம் போக, நிக்குதம்மா நிக்குது. சுவர் அதிர்ந்தது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை, கூட்டம்கூட அடங்கிவிட்டது, ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள் போல. அப்புறம் யாரையோ பார்த்து, “எங்க வீட்டுக்காரர்தான்” என்றாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. “அண்ணனுக்கு நானே சொல்லிக்கறேன், நீங்க இந்தத் தொண்டையோட சொன்னா அவருக்குக் காது போயிரும். அந்தத் தாள ஆடிட்டருக்கு அனுப்பிருங்க. முதல்ல எனக்கு அனுப்புங்க” என்று வைத்துவிட்டாள். அனுப்பினேன், அவளுக்கு, பிறகு ஆடிட்டருக்கு. நிமிர்ந்தால் எதிர் வீட்டு இரும்புக் கேட் திறந்திருக்கிறது, மரகதம் அக்கா கையில் ஒரு எவர்சில்வர் பேசனோடு தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், ஈ காக்காய் இல்லை. என்னை ஜன்னலில் பார்த்ததும், “தம்பி, இப்ப ஒரு வண்டி போச்சே, என்ன வித்தான் அவன்? நானூறோ என்னமோன்னான், சரியாக் கேக்கல. கிலோவா, கட்டா?” என்றார்கள். “முடிஞ்சு போச்சுக்கா” என்றேன். “அடடா” என்று பேசனைத் திருப்பி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். “நாளைக்கு வருவானா?” “வருவான்க்கா” என்றேன்.